கயிறு பிடித்தவன்

தூத்துக்குடி புதுத் துறைமுகத்துக்கு நான் வேலைக்குப் போனது எழுபத்தைந்தாம் வருஷம். ஒரு கான்ட்ராக்டரிடம் மண் சோதனை உதவியாளர். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். என் பெயர் ஜேசுபாதம், ஊர் நாசரேத். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் சிரித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கும் சிரிக்கத்தான் ஆசை. சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

நான் போய் இறங்கியபோது காலை பதினொன்றரை மணி. சரக்கு வைக்கிற கிட்டங்கி ஒன்றுக்கு அஸ்திவாரப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஏழடி ஆழம், ஓர் ஆள் குனிந்து வேலை செய்கிற அகலம். கடலைத் தூர்வாரிக் கொட்டிய மணல் அது. சிப்பி ஓடுகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க ஒரு பலகைகூட இல்லை.

"பலகை எங்க அண்ணாச்சி?" என்று ஓவர்சியர் தளவாயிடம் கேட்டேன்.

"நாளைக்கு வருது. நாலு மணிக்குக் கான்கிரீட்டு போடணும் தம்பி. நீரு அரை மணி நேரத்துல டெஸ்ட்ட எடுத்துட்டு ஏறிரும்."

பலகை இல்லாத பள்ளத்தில் இறங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் இதே பள்ளம் சரிந்து ஒருவன் செத்ததும் தெரியும். ஆனால் வேலை நிரந்தரமாக வேண்டுமே. சரி என்று தலையை ஆட்டினேன். வடிகட்டின முட்டாள்.

செத்தவன் ரோச். சங்கு குளிக்கிறவன். கடல் சரியில்லாத மாதங்களில் மண் வேலைக்கு வருவான். பழக்க தோஷம், இடுப்பில் கயிறு கட்டாமல் எந்தப் பள்ளத்திலும் இறங்க மாட்டானாம். மேலே கயிறு பிடிப்பவன் மச்சான் சந்தியாகு, ரோச்சின் மனைவி பிலோமினாவுக்கு அண்ணன். குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். தங்கச்சி தாலியை எவன் நழுவவிடுவான்? கீழே இருப்பவன் ஒரு தடவை இழுத்தால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். இழுக்காமல் தூக்கக் கூடாது. கடலில் அதுதான் சட்டம்.

அன்று மண் சரிந்தபோது பக்கத்துச் சாலையில் ரோடு ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. சரிந்த சத்தம் கேட்கவில்லை. சந்தியாகு வழக்கம்போலக் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கவனத்தையெல்லாம் கையில் வைத்து, இழுப்புக்காகக் காத்திருந்தான். மணல் கயிற்றை இறுகப் பிடித்திருந்தது. இழுப்பு எப்படி வரும்? அரை மணி நேரம் காத்திருந்தான் அந்தப் பாவி.

உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள். பள்ளத்தைத் திரும்ப வெட்டி, அடியில் மணலை ஒன்பது அங்குலப் படுகைகளாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். அந்த இறுக்கம் போதுமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

நான் இறங்கப் போகும்போது சந்தியாகு கயிற்றோடு வந்து நின்றான்.

"இது இல்லாம இறங்காதீங்க சார்."

அவன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. அவனே என் இடுப்பில் கட்டிவிட்டான். பள்ளத்துக்குள் பார்க்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. இறுக்கிய மண்ணில் நாலங்குல அகலம், ஆறங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, அந்த மண்ணை எடை போட வேண்டும். பிறகு ஓர் உருளையிலிருந்து காய்ந்த மணலைக் குழிக்குள் விட்டு, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் குழி நிரம்பி மணல் நின்றுவிடும்.

அன்று நிற்கவில்லை.

மணல் சர்ரென்று இறங்கிக்கொண்டே இருந்தது. உருளை காலியானது. எடுத்துப் பார்த்தேன். குழி வெட்டினபடியே வெறுமையாக இருந்தது.

அடியில் பொந்து இருக்கும் என்று நினைத்துக் கையை விட்டேன். ஆறங்குலத்தில் இருக்க வேண்டிய தரை இல்லை. முழங்கை வரைக்கும் போனது. மேலே உச்சி வெயில். உள்ளே கிணற்றுக் குளிர். அழுகிய சிப்பி நாற்றம் மூக்கில் ஏறியது.

என் உள்ளங்கைக்குள் விரல்கள் வந்து பற்றின.

ஐந்து விரல்கள்.

இழுக்கவில்லை, நெரிக்கவில்லை. விடவும் இல்லை. அலறலாம் என்று வாயைத் திறந்த அதே நேரம் மேலே ரோலர் கடகடவென்று போனது. இடப்பக்கச் சுவர் சத்தமே இல்லாமல் என் மேல் சாய்ந்தது.

கண்ணைத் திறந்தபோது மணல் கழுத்து வரை. ஒரு கை குழிக்குள், மறு கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சை விடும்போதெல்லாம் மணல் இன்னும் கொஞ்சம் இறுகியது. விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க இடமில்லை. கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

மேலே சந்தியாகுவின் முதுகு தெரிந்தது.

இழுப்புக்காகக் காத்திருந்தான்.

கர்த்தரே, ரோச் இப்படித்தான் பார்த்துக்கொண்டே செத்தானா? நாசரேத்தில் என் அம்மா இந்நேரம் சோறு வடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அழவும் மூச்சில்லை. மணல் உதட்டுக்கு வந்தது.

அப்போது கீழே அந்த விரல்கள் என் கையை விட்டன.

மணலுக்குள் ஏதோ ஒன்று என் கையோடு உரசி மேலே வந்தது. தோளைத் தொட்டது. விலாவைத் தாண்டி, தடவித் தடவி, இடுப்பு முடிச்சைத் தேடிப் பிடித்தது.

ஓர் இழுப்பு.

சந்தியாகு துள்ளி எழுந்தான். "ஏலே, ஓடியாங்கலே! சார் உள்ள மாட்டிக்கிட்டாரு!" என்று கத்திக்கொண்டே இழுத்தான். சாப்பாட்டுக்குப் போயிருந்த ஆட்கள் வருவதற்குள், அவன் ஒருவனே என்னை மேலே கொண்டுவந்து போட்டுவிட்டான். நான் மணலைத் துப்பிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்ந்த நுனி பள்ளத்துக்குள் விழுந்தது.

"நல்லவேளை, இழுத்தீங்க சார்," என்றான் மூச்சு வாங்க.

"நான் இழுக்கலயே. என் கை ரெண்டும் மண்ணுக்குள்ள இருந்துச்சு."

அவன் என்னையே பார்த்தான். அவன் கையிலிருந்த கயிறு விறைத்தது.

ஓர் இழுப்பு.

"மச்சான்," என்று முனகினான். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்க ஆரம்பித்தான். நானும் பிடித்தேன். ஓர் ஆள் கனம். அது மேலே வரவில்லை. நாங்கள்தான் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

"விட்டுரும் சந்தியாகு!"

"எப்பிடி சார் விடுவேன்? இப்பத்தான இழுக்கான்."

அவன் காலடி மணல் பள்ளத்துக்குள் உதிர்ந்தது. அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவி நான் கயிற்றை அறுத்தேன். கீழிருந்து என்னைக் காப்பாற்றியவன் கயிற்றை நானே அறுத்தேன். அறுந்த நுனி விறுவிறுவென்று மணலுக்குள் போய் மறைந்தது.

சந்தியாகு என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதான். ஆட்கள் ஓடி வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அவன் மணிக்கட்டில் மிஞ்சிய மூன்று முழக் கயிறு வெறுந்தரையில் கிடந்தது. அதன் நுனியில் ஒன்றுமில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கயிறு மெல்லப் பள்ளத்தைப் பார்த்து நிமிர்ந்து விறைத்தது.

ஓர் இழுப்பு.