ஆறாவது டோக்கன்

காலி வேனின் பின்பக்கம் நாலு விரல் தாழ்ந்து நின்றது.

நரேஷ் குனிந்து பார்த்தான். போன வாரம் மாட்டிய புது ஸ்பிரிங். மாட்டிக் கொடுத்த பங்காருபேட்டை மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டுவதற்கு அவனுக்குப் பெரிய காரணம் தேவையில்லை. மூன்று தலைமுறையாக பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கடை அரிசியைத் தின்று தங்கச் சுரங்கத்தில் இறங்கிய சனங்களை அவன் மனிதர்களாகவே எண்ணியதில்லை. தங்கம் பிரித்த மிச்சத்தைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வரும்போதெல்லாம், செத்த ஊர் பவுடர் பூசிக்கொள்கிறது என்பான்.

வேன் ஒரு காலத்தில் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்புப் பக்கம் ரொட்டி கொண்டுபோனது. ஸ்கெலட்டன் குடியிருப்பில் பார்வதம்மா என்பவள் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி வந்து எட்டு மாதம் உழைத்திருந்தான். தோல் சீட், ஏசி, பழைய எஞ்சினுக்குப் பதில் சத்தமே இல்லாத பேட்டரி மோட்டார், பின்கூட்டுக்குள் ஒரு கேமரா, அதைப் பார்க்க டாஷ்போர்டில் திரை. பெங்களூரில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒரு பெரிய மனிதர் இதில் ஒயின் பாட்டில் அடுக்கப் போகிறார். அந்த ஆளுக்கு ரொட்டி வேனும் ஒன்றுதான், பாடையும் ஒன்றுதான். ஆனால் இன்று மாலைக்குள் வண்டி போய்ச் சேர்ந்து அவருக்குப் பிடித்துவிட்டால், அவருடைய கராஜ் முழுவதும் நரேஷ் பொறுப்பு. இந்த ஊரைத் தலைமுழுகிவிடலாம். அவன் வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

தரைப்பலகையைப் பெயர்த்தபோது அடியில் ஆறு பித்தளை டோக்கன்கள் கிடைத்திருந்தன. சுரங்கத்தில் இறங்குகிறவன் நம்பர் போட்ட டோக்கனோடு இறங்குவான். மேலே வந்ததும் ஆபீசில் திருப்பிக் கொடுப்பான். எப்போதோ ஒரு ஏர் பிளாஸ்டில், பாறை வெடித்துச் செத்த ஆறு பேரை, ஆம்புலன்ஸ் போதாமல் இந்த ரொட்டி வேனில்தான் ஏற்றிப் போனார்களாம். அவர்கள் மடியிலிருந்து நழுவியவை.

வெல்டிங் வேலைக்கு வந்த சம்பங்கி அவற்றைத் தொடவில்லை.

"இத்த திருப்பிக் குட்தாதான் சார் ஆளு மேல வந்தான்னு கணக்கு. இது யார் கைல கீதோ, அவன் இன்னும் கீழதான் கீறான்."

"மைன்ஸ் மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுய்யா. எந்த ஆபீஸ்ல போய்க் குடுக்கறது?"

"அத்ததான் சார் நானும் சொல்றேன்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நரேஷ் சிரித்தான். ஐந்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி டாஷ்போர்டில் பதித்தான். 318 என்று வெட்டியிருந்த ஆறாவதைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். வண்டி சேர்க்கும் பைத்தியங்கள் இந்த மாதிரி அற்பங்களுக்குத்தான் உருகும். மறுநாளிலிருந்து சம்பங்கி வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நாலு மணி வெயிலில் வண்டியைக் கிளப்பினான். காற்று கிளம்பி, சயனைட் மேடுகளிலிருந்து தூசி சுருண்டு சுருண்டு ரோட்டுக்கு இறங்கி, முன்கண்ணாடியில் மாவு சலிப்பதைப் போல உதிர்ந்துகொண்டே இருக்க, மோட்டாரில் சத்தமே இல்லாததால் அந்தத் தூசி விழும் ஓசைகூடக் கேட்டது. அதற்கும் அடியில், பின்பக்கத்திலிருந்து, ஈரத் துணியை மெல்ல இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஏதோ ஒன்று. ஏசிக் காற்றில் ஈரப் பாறையின் வாசனையும், வெடிமருந்துப் புகையின் கசப்பும், அவற்றோடு சற்றும் ஒட்டாமல் அப்போதுதான் சுட்ட ரொட்டியின் இனிப்பும் வந்தன. குழாயில் எலி செத்திருக்கும் என்று நினைத்தான்.

வண்டியின் பின்பக்கம் இன்னும் ஒரு விரல் இறங்கியது. அவன் திரையைத் தட்டினான்.

பின்கூட்டில் ஐந்து பேர் குந்தியிருந்தார்கள். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் குந்துவதைப் போல, முழங்காலோடு முழங்கால் ஒட்டி. முகமெல்லாம் வெள்ளைத் தூசி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. தலைக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தான். பின்கூடு வெறிச்சென்று இருந்தது. திரையில் ஐந்து பேரும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்கள்.

பிரேக்கை மிதித்தான். பிடிக்கவில்லை. கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. சாவியைத் திருகி உருவினான். வண்டி நிற்கவில்லை.

பின்சுவரில் தட்டல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று முறை மணி அடித்தால் கேஜில் ஆள் ஏறியாயிற்று என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன்தானே.

காது அடைத்தது. வயிறு மேலே எழும்பியது. முன்கண்ணாடியில் ரோடு இல்லை. கறுத்த பாறை, நீர் வழிய, கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டிருந்தது.

318 கையில் சில்லிட்டது.

"குடுத்துடறேன்." டோக்கனைத் திரைக்கு நேரே நீட்டினான். "சத்தியமா குடுத்துடறேன். எங்க குடுக்கறது? எந்த ஆபீஸ்ல குடுக்கறது?"

திரையில் ஐந்து பேரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவிலிருந்த இடம் இப்போது காலியாக இல்லை. அங்கே குந்தியிருந்தவனின் சட்டை, காலையில் நரேஷ் தானே இஸ்திரி போட்டு உடுத்தியது.

இரண்டு பக்கமும் ஈரத் தோள்கள் வந்து அவனை நெருக்கின.