தண்ணிக்குக் கழித்தது

கான் மேல் கிடந்த பலகை அன்றைக்குச் சத்தம் போடவில்லை.

லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் அந்தச் சாக்கடைக் கானைத் தாண்டித்தான் எந்தக் காம்பரா அறைக்குள்ளும் நுழைய முடியும். செல்லசாமியின் வாசலுக்கு நேரே கிடந்த பலகை ஒரு பக்கம் உளுத்துப்போய், யார் மிதித்தாலும் ஒருமுறை 'டொக்' என்று எழும்பி அடங்கும். கோழி நடந்தால்கூட லேசாக முனகும். அந்தியில் அவன் மனைவி பூரணி பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கேட்கிற அந்த ஒற்றைச் சத்தத்தை வைத்துத்தான், கல்யாணமான நாளிலிருந்து, அவன் தேத்தண்ணிக்குச் சீனி போடுவான்.

அன்று அவன் அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரச் சாக்கின் வாடையும் பச்சை விறகின் புகையும் காம்பராவுக்குள் கலந்து கிடக்க, கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற நீர் கானில் விழுகிற சத்தமும், எங்கோ கீழே வட்டகொடை ஸ்டேஷனை விட்டு ரயில் ஏறிப்போகிற முக்கலும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினான். பூரணி இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப வந்த புள்ள?"

"இப்பத்தாங்க."

"பலக சத்தம் கேக்கலியே?"

"பலக மேலதான் வந்தேன்," என்று சிரித்தாள்.

மழையில் பலகை ஊறிப் போயிருக்கும் என்று அவன் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். எழுந்து போய்த் தானே ஒருதரம் மிதித்துப் பார்த்தான். டொக்.

செல்லசாமிக்கு வேலை மேலே பங்களாவில். ஒரு காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை குடியிருந்த பங்களா, இப்போது ஹோட்டல். குதிரை லாயமாக இருந்த கட்டடத்தை இடித்து, வெள்ளைத் தரை போட்டு, அதன் நடுவில் மூடி வைத்த பெரிய தொட்டி ஒன்றை இறக்கியிருந்தார்கள். வாசலில் 'மிதவை சிகிச்சை' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு அது உப்புத் தொட்டி. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் மூட்டை மூட்டையாக எப்சம் உப்பைக் கரைத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவனும் அதில் படுத்தால் தக்கை. மூடியைச் சாத்திவிட்டால் வெளிச்சமில்லை, சத்தமில்லை, எது தோல் எது தண்ணீர் என்றும் தெரியாது. அதைக் கழுவுவது, சூடு பார்ப்பது, ஆட்களைப் படுக்க வைத்து மூடுவது எல்லாம் செல்லசாமி.

மூடும்போது சொல்லச் சொல்லி மெனேஜர் பாடமாக்கிக் கொடுத்ததை அவன் தன் பாஷையில் சொல்லுவான். "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டு இருங்க. தசைப்பிடிப்பு விட்டுரும். பிரஷர் எறங்கும். நல்லா தூக்கம் வரும். மனசு லேசாயிரும்." சொன்னது பொய்யுமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போன கொழும்பு ஆட்கள் குழந்தை மாதிரி கன்னம் சிவந்து வெளியே வருவதை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

பூரணிக்கோ முதுகு நிமிராது. பதினாறு வயதில் தலையில் மாட்டிய கூடைக் கயிறு உச்சியில் ஒரு பள்ளமே போட்டிருந்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை ஒரு மணி நேரம் தாங்கும். இரவெல்லாம் புரளுவாள். நோவு ஒரு பக்கம், மகன் நிரஞ்சனின் நினைப்பு மறுபக்கம். அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிறான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போன் வராவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. யார் யாரோ வந்து சொகுசாக மிதக்கிற தொட்டியில் இவள் ஒருநாள் படுத்தால் என்ன குறைந்துவிடும் என்று செல்லசாமிக்குப் பட்டது. திங்கட்கிழமைகளில் விருந்தாளிகள் இல்லை, மெனேஜர் சாமான் வாங்க நுவரெலியா போய்விடுவார். கள்ளத்தனம்தான். ஆனாலும் அன்பில் செய்த கள்ளத்தனம்.

முதல் நாள் பூரணி கூச்சத்தில் உள்பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். படுத்ததும் தண்ணீர் அவளைத் தூக்கிப் பிடித்தது. "ஆத்தீ..." என்றாள். அவ்வளவுதான். மூடியைச் சாத்தினான். நேரமாகித் திறந்தபோது, அவள் முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த பெண் இருந்தாள். "ஒடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சுங்க," என்றாள். "மழை நாள்ல கொழுந்து நிறுக்கிறப்ப தண்ணிக்குனு கிலோ கழிப்பாங்கல்ல? அந்த மாதிரி என்னையும் கொஞ்சம் கழிச்சுக்கிட்டு விட்டுருச்சு." இருவரும் சிரித்தார்கள். அன்றிரவு அவள் தூங்கினாள். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு செல்லசாமி சந்தோஷத்தில் விடியும்வரை விழித்திருந்தான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஆள் படுத்தால் தொட்டித் தண்ணீர் ஏறும், எழுந்தால் இறங்கும். பூரணி எழுந்து வந்த பிறகு ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. பம்பில் கோளாறு என்று நினைத்து, கூடியதை வாளியால் மொண்டு வெளியே ஊற்றினான்.

அதற்குப் பிறகு ஒரு திங்களையும் அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு திங்களும் அவன் மொண்டு ஊற்றுகிற தண்ணீர் கூடியது. பூரணியின் முதுகு நிமிர்ந்தது. கூடவே கொழுந்து எடுக்கிற காளியாயி, "என்னாண்ணே, அண்ணிக்கு என்னா குடுக்குறீங்க? மலையில ஏறுறது பறக்குற மாதிரில்ல இருக்கு!" என்று கேலி பண்ணினாள். அவனும் மீசையைத் தடவிக்கொண்டான்.

பிறகுதான் அந்தப் பலகை.

ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால் கண் சும்மா இருப்பதில்லை. அவர்களுடைய பழைய ஸ்பிரிங் கட்டில் நடுவில் தொய்ந்து, இருவரையும் ஒருவர் மேல் ஒருவராக உருட்டிவிடும். அதை வைத்து எத்தனையோ இரவு சண்டையும் சமாதானமும் நடந்திருக்கிறது. இப்போது கட்டில் அவன் பக்கம் மட்டுமே தொய்ந்தது. பக்கத்தில் கம்பளிக்கு மேல் மூச்சு கேட்டது. மெத்தை தட்டையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டான். அது அவன் வழக்கம். விரல் தானாக உச்சிப் பள்ளத்தைத் தேடிப் போனது. பள்ளம் இல்லை. பச்சைப் பிள்ளையின் தலை போல வழவழவென்றிருந்தது. அவன் கை அங்கேயே நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள."

அந்த நேரம் போன் அடித்தது. நிரஞ்சன். குரல் நடுங்கியது. "அப்பா, நாலு நாளா காச்சல். பயப்படுவீங்கனு சொல்லல. டெங்குவா இருக்கும்னு கட மொதலாளி சொல்றாரு. அம்மாக்கிட்ட குடுங்க." செல்லசாமி போனை நீட்டினான். பூரணி காதில் வைத்துக் கேட்டாள். "அப்பிடியா," என்றாள். சிரித்த முகம் சிரித்தபடி இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள்.

மகன் தும்மினால் மாரியம்மனுக்கு நேர்ந்துவைக்கிற பொம்பிளை. செல்லசாமி அவளைப் பார்த்துப் பயந்தான். சொந்த மனைவியைப் பார்த்து, சொந்தக் காம்பராவில், பட்டப்பகலில் பயந்தான். காலையில் முதல் பஸ் பிடித்து மகனிடம் போகவேண்டும். போவதற்கு முன்னால் அந்தத் தொட்டியைத் திறந்து, தண்ணீரை ஒரு சொட்டில்லாமல் வெளியே விட்டுவிட வேண்டும். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் பங்களாவுக்குப் போய்ட்டு வாரேன். நீ வீட்டுலயே இரு," என்றான்.

"சரிங்க," என்றாள் பூரணி.

முந்தின நாளே விருந்தாளிகள் காலி செய்து போயிருந்தார்கள். பங்களா பாதையில் பனி இறங்கியிருந்தது. நாலு மணிதான் இருக்கும், ஆனால் தேயிலை நிரைகள் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவன் செருப்பு செம்மண் சேற்றில் பொதக் பொதக்கென்று புதைந்தது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தான். சேற்றில் அவனுடைய தடம் மட்டும். ஆனாலும் யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது, எண்ணெய் வாசனை கூட வந்தது, அவன் சற்று முன் பூரணியின் தலையில் தேய்த்த அதே நல்லெண்ணெய்.

தொட்டி அறையில் வெதுவெதுப்பும் உப்பு வாடையும். பம்ப் ஓடவில்லை. மூடியின் விளிம்பில் தண்ணீர் கசிந்து தரையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விருந்தாளிகள் போன பிறகு, நேற்று மாலைதான் வாளி வாளியாக மொண்டு வெளியே ஊற்றினான்.

மூடியைத் தூக்கினான். தண்ணீர் வாய்வரை நின்றது. அசையாமல் நின்றது.

நீல விளக்கைப் போட்டான்.

தொட்டிக்குள் அடி தெரியவில்லை. முழங்கால் அளவு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அங்கே, எதுவுமே தாழாத அந்தத் தண்ணீரின் அடியில், ஒருத்தி தாழ்ந்து கிடந்தாள்.

நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிய உள்பாவாடை. கூன் விழுந்த முதுகை ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. உச்சியில் கூடைக் கயிறு போட்ட பள்ளம்.

கண் திறந்திருந்தது.

அவனைப் பார்த்தது.

"பூரணி..."

அவள் வாய் அசைந்தது. மேலே குமிழ் வரவில்லை, சத்தம் வரவில்லை. ஆனால் அந்த உதடுகள் எந்தப் பெயரைச் சொல்லுகின்றன என்று அவனுக்குத் தெரியும். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்து அவை சொல்லுகிற பெயர். நிரஞ்சன். நிரஞ்சன். நிரஞ்சன்.

ஒவ்வொரு திங்களும் கொஞ்சம் கொஞ்சமாக இவளை இங்கே விட்டுவிட்டு, அவன் வேறெதையோ கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான்.

ஒருமுறை வந்து மிதந்துவிட்டுப் போனவர்களிடம் என்ன குறைந்தது என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

தண்ணீரை வெளியே விடுகிற வால்வைத் திருக ஓடினான். கை வைத்தவன் நின்றான். தண்ணீரை விட்டால் அவளும் அதோடு போய்விடுவாளே. குழாய் வழியாக, கான் வழியாக, ஆற்றுக்கு. கை தானாக விலகியது.

திரும்பி வந்து தோள்வரை கையை விட்டான். அடி தட்டவில்லை. கீழே அவள் கையைத் தூக்கினாள். காய்த்த விரல்கள், கொழுந்துக் கறை ஏறிய நகங்கள். ஒரு சாண் இடைவெளி. ஒரு சாண்தான்.

இறங்கினான்.

தண்ணீர் அவனைத் தூக்கியது. முங்கப் பார்த்தான். தூக்கியது. விளிம்பைப் பிடித்து, உடம்பைத் திருகி, தலையைக் கீழே அமுக்கினான். உப்பு கண்ணில் எரிந்தது. மூக்கில் எரிந்தது. தூக்கியது. புரட்டி மல்லாத்திப் போட்டது. அவன் அழுதான். ஒரு பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதான். அவனுக்குக் கீழே அவனுடைய பூரணி. அவளிடம் போக அவனுக்குக் கனம் போதவில்லை.

நல்லெண்ணெய் வாசனை.

விளக்குக்குக் குறுக்கே ஒரு முகம் குனிந்தது. வாரி முடித்த தலை. சிரித்த முகம்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டு இருங்க," என்றாள். "எல்லா நோவும் போயிரும்."

"வேணாம் புள்ள. மகன்... காலையில பஸ்ஸு..."

"மனசு லேசாயிரும்ங்க."

மூடி இறங்கியது.

இருட்டு. சத்தமில்லை. தோளில் இருந்த பிடிப்பு விட்டது. முதலில் தோள். பிறகு முழங்கால். பிறகு நெஞ்சுக்குள் எதுவோ, இத்தனை நேரம் கிடந்து அடித்துக்கொண்ட எதுவோ, முதுகு வழியாக மெல்லக் கழன்று கீழே போயிற்று. கீழே ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

நன்றாக இருந்தது.

பனி விலகாத அந்தியில் இருவரும் லயத்துக்கு இறங்கி வந்தார்கள். பூரணி முன்னால், செல்லசாமி பின்னால். சேற்றில் புதுத் தடம் எதுவும் விழவில்லை. கான் பலகையின் மேல் அவள் கால் வைத்தாள். பிறகு அவன் வைத்தான். கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. சுவர்த் தட்டின் மேல் அதன் வெளிச்சத்தில் ஒரு பையனின் படம் தெரிந்தது. செல்லசாமி அதை ஆவலாகக் குனிந்து பார்த்தான்.

"யாரோ கூப்புடுறாங்க," என்றான்.

"கூப்புடட்டும்ங்க," என்றாள் பூரணி.

இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டில் தொய்யவில்லை. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு முகங்களும் சிரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.