உப்பு மூட்டை

மிஷினை நிறுத்திய பிறகும் தையல் சத்தம் நிற்கவில்லை. தையல்காரி மிதியிலிருந்து காலை எடுத்தாள், சக்கரத்தைக் கையால் பிடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை. ஊசி, பள்ளிச் சட்டையின் காலரில் குத்தியபடியே நின்றது. ஆனாலும் தடித்த துணியில் ஊசி இறங்கி ஏறுகிற அந்தச் சத்தம் மெல்லிசாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. வெளியே மழை. ஜன்னல் தகரத்தில் சொட்டுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்தேகம் தீர முன்னால் குனிந்தாள். சத்தமும் கூடவே குனிந்தது.

குனிந்து குனிந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவள் அவள். இடுப்புக்கு மேலே முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல் இருக்கிற டிஸ்க் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. வாலு என்று செல்லப்பெயர் வாங்கிய மகள், "உப்பு மூட்டை தூக்கும்மா" என்று நச்சரிக்காத நாள் கிடையாது. எல்லா அம்மாக்களும் தூக்குகிறார்கள், இவள் மட்டும் "அப்புறம்டா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மகள் முகம் தொங்கிப் போவதைப் பார்க்க முடியாமல்தான் ஸ்டெம் செல் சிகிச்சைக்குத் தலையாட்டினாள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்தெடுத்ததைத் தேய்ந்த இடத்தில் ஊசியால் ஏற்றினார்கள்.

"உங்க சொந்த செல்லுதாம்மா," என்றார் டாக்டர். "எங்க இடைவெளி இருக்கோ அங்க போய் நிரப்பிக்கும்."

"எப்ப நிறுத்தணும்னு அதுக்கு யாரு சொல்லுவா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் பதில் சொல்லவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு முதுகு பெல்ட்டும் கொடுத்திருந்தார்கள். சட்டைக்கு மேலேதான் போட வேண்டும், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும், ஊசி போட்ட இடத்தை எதுவும் அழுத்தக் கூடாது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இதைத் தைத்தவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது யார்? இங்கே தொளதொள, அங்கே பிதுக்கல். தையல்காரிக்கு இடைவெளி என்றால் குறை. மெத்தென்ற வெள்ளைத் துணியில், தன் அளவுக்குத் தானே ஒன்று தைத்து, வெறும் உடம்பில் ஒட்டினாற்போல் போட்டுக்கொண்டாள். அத்தனை சுகம். கழற்ற மனமே வரவில்லை, கழற்றவும் இல்லை. வலி போன இடம் தெரியவில்லை.

இப்போது சட்டையைச் சுருட்டி, அந்தப் பெல்ட்டின் முன்பக்கத்துக் கொக்கிகளை அவிழ்த்தாள். பக்கத்துத் துணிகள் இரண்டும் தொங்கின. முதுகுத் துணி மட்டும் விழவில்லை. இழுத்துப் பார்த்தாள். தோலில் அல்ல, உள்ளே, ஆழத்தில், பல்லின் வேரைப் பிடித்து ஆட்டியது போல் இருந்தது. சின்னக் கத்தரியை எடுத்து, தொங்குகிற ஓரத்தில் வைத்து ஒரு வெட்டு வெட்டினாள். கத்தரி பட்டது துணியில். வலித்தது அவளுக்கு. வெட்டிய இழையின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸ்தான் எடுத்தாள்.

"தோல் மேலயே போட்டீங்களா? ஒரு தடவைகூடக் கழட்டலையா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"இழுக்காதீங்க. வெட்டாதீங்க. எதுலயும் சாயாம உடனே கிளம்பி வாங்க. யாரையும் அந்த இடத்தைத் தொட விடாதீங்க."

அடுத்து கணவனுக்கு. சாமான் வேனை ஓட்டிக்கொண்டு ஊர் மறுகோடியில் இருந்தான். "மழையில மாட்டிக்கிட்டேன். பதறாத, குப்புறப் படு. வந்துடறேன்."

வாலு உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருந்தாள். அறைக்கதவைச் சாத்திவிட்டு, துணி வெட்டுகிற நீள மேசையில் சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள். சாக்குக்கட்டியின் வாசனை, எண்ணெய் வாசனை, ஈரமண் வாசனை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. முதுகில் அந்தச் சத்தம் நிதானமாக ஓடியது, அவசரமே இல்லாத வேலைக்காரன் போல. பயந்து பயந்து களைத்துப்போன உடம்பு, எப்போது கண்ணை மூடியது என்று அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது முதுகில் கனம்.

இளஞ்சூடு. பிடரியில் மூச்சுக்காற்று. கழுத்தைச் சுற்றிச் சின்னக் கைகள்.

"வாலு?"

"உப்பு மூட்டைம்மா."

"எப்படா ஏறின?"

"அப்பவே. நீ தூங்கிட்ட. நானும் தூங்கிட்டேன். நீதான் முதுகு சரியாயிடுச்சுன்னு சொன்னியே."

வாசலில் ஹாரன் அடித்தது. எழுந்தாக வேண்டும். கைகளைப் பின்னால் கொண்டுபோய், மகளின் இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு மெல்ல மேசையை விட்டு இறங்கினாள். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. இத்தனை காலம் ஏங்கிய கனம் இது. அந்தப் பயத்திலும் ஒரு கணம் மனசு பூரித்துப்போனது. நேராக நின்றாள். கன்னத்தோடு கன்னம் வைத்தாள் வாலு.

சத்தம் நின்றிருந்தது.

பிறகு மறுபடி கேட்டது. இந்த முறை இரண்டு. ஒன்று பழையது. இன்னொன்று சின்னது, வேகமானது.

"இறங்குடா செல்லம். அப்பா வந்துட்டாரு."

"முடியலம்மா."

"விளையாடாத."

"கவுனு இழுக்குது." வாலு நெளிந்தாள். அந்த நெளிவு தாயின் முதுகுக்குள் கேட்டது. "உள்ள இழுக்குதும்மா."

கதவு திறந்தது. கணவன் நனைந்தபடி விளக்கைப் போட்டான். சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கென்று மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி எதிரே நின்றது. அவன் சிரித்தான். "அட, தூக்கிட்டியா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மகளின் முழங்காலிலிருந்து வலது கையை எடுத்தாள். பிறகு இடது கையை.

"கழுத்தை விடுடா."

வாலு விட்டாள்.

கண்ணாடியில் தாயின் இரண்டு பக்கமும் குழந்தையின் கைகளும் கால்களும் தளர்ந்து தொங்கின. யாரும் யாரையும் பிடித்திருக்கவில்லை. குழந்தை கீழே விழவில்லை.