ஏழாவது டெக்

மின்சாரம் போய் அரைமணி நேரம் ஆகியும் ஏழாவது டேப் டெக் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்காரி அதை முறைத்தான். மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வெயிலில் தகரக்கூரை படபடக்கும் அந்தக் கடையில் ஒரு காலத்தில் பன்னிரண்டு டெக்குகள் பகலெல்லாம் கேசட் நகலெடுத்தன. யார் புதிதாகப் பாடினாலும் வெள்ளிக்கிழமைக்குள் திருட்டுக் கேசட் தயார். ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது ஒருவனும் எட்டிப்பார்ப்பதில்லை. கைப்பேசியில் பாட்டு ஏற்றிக்கொடுக்க எதிரிலேயே ஒருவன் குடை விரித்து உட்கார்ந்துவிட்டான். திருட்டுப் பயல் என்று காலையிலிருந்து அவனைக் கறுவிக்கொண்டிருந்தான் பக்காரி.

விற்காத கேசட்டுகளை அழித்து வெற்று நாடாவாகவாவது தள்ளிவிடலாம் என்று ஆத்திரத்தோடு இறங்கியிருந்தான். ஏழாவதில் கிடந்தது தெனின் கூலிபாலி பாடிய கேசட். நகலெடுப்பதை நிறுத்தச் சொல்லி ஒருமுறை வந்து கெஞ்சியவள். பிறகு பாடுவதையே விட்டாள். போன மழைக்காலத்தில் செத்தும் போனாள்.

பிளக்கைப் பிடுங்கினான். சக்கரம் நிற்கவில்லை. சூடேறிய நாடாவின் வாடை, புழுதி வாடை, அவற்றுக்கடியில் யாரோ மெதுவாக மூச்சை உள்ளிழுப்பது போன்ற இரைச்சல். பிறகு அவனுடைய குரலே கேட்டது. அவள் கெஞ்சிய அன்று, கூலிபாலி குலத்தாரைச் சீண்ட ஊரில் எல்லோரும் சொல்லும் பயறுக் கேலியோடு அவளிடம் சொன்னது.

"கூலிபாலிக்காரி தட்டப்பயறு தின்னத்தான் லாயக்கு. உன் குரல் கடைக்கு வந்தாச்சுல்ல, இனி அது என்னோடது. போ தங்கச்சி."

அன்று அதை யாரும் பதிவு செய்திருக்கவில்லை.

யாரடா உள்ளே என்று கத்தினான். எட்டாவது டெக் சுழன்று, அதையே திருப்பிக் கத்தியது. அவள் குலத்தையே இழுத்துத் திட்டினான். ஒன்பதாவது. மேசையில் ஓங்கிக் குத்தி இன்னும் திட்டினான். பத்தாவது. பதினொன்றாவது. கத்தக் கத்தத் தொண்டைக்குள் ஏதோ குறைந்துகொண்டே வந்தது.

பன்னிரண்டாவது சுழன்றது.

வாயைத் திறந்தான். சத்தம் இல்லை.

ஓட வேண்டும். கால் வரவில்லை.

வெளியே செருப்பொலி. மதியச் சோற்றோடு வந்த மனைவி நியேலே, திரைக்கு அப்பால் தயங்கி நின்று, யாரோடு இவ்வளவு சண்டை என்று கேட்டாள்.

வராதே. உதடு மட்டும் அசைந்தது.

சுழன்றுகொண்டிருந்த ஆறு டெக்குகளும் ஒன்றாகச் செருமின.

"ஒண்ணுமில்ல நியேலே," என்றன அவன் குரலில், அவனுக்கு ஒருநாளும் வராத கனிவோடு. "உள்ள வா. நீயும் ஏதாவது பேசு."

திரை விலகியது. "என்னங்க..." என்றாள் அவள்.

முதலாவது டெக் சுற்றத் தொடங்கியது.