அம்மணி சுமந்த பழி

அடுப்பில் கூழ் கொதிக்கும்போதே அம்மணியின் நாத்தனார் லட்சுமி, மகன் ரஞ்சித்தையும் மருமகள் அர்ச்சனாவையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தோணிரேவு கிராமத்தில் அன்று கங்கையம்மன் திருவிழா. சாயங்காலம் கோயில் மேடையில் அம்மணியின் மகள் வைஷ்ணவி பாடப் போகிறாள்.

"உம் பொண்ணு மேடையேறுனா நான் கோயில் பக்கமே வரமாட்டேன். என் புள்ளய வேணாம்னு தள்ளிட்டுப் போனவ, இப்ப இன்னா மூஞ்ச வெச்சிக்கினு ஊருக்குள்ள வர்றா?"

அம்மணி கூழைத் துழாவினாள். வருஷக்கணக்காகக் கேட்டுவரும் பேச்சுதான். ரஞ்சித்துக்கும் வைஷ்ணவிக்கும் நிச்சயமான கல்யாணத்தை, 'பொண்ணு பாட்டு கத்துக்கட்டும்' என்று சொல்லி நிறுத்தியவள் அம்மணிதான். அன்றிலிருந்து கணவன் எல்லப்பன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வைஷ்ணவி சென்னையில் கர்நாடக சங்கீதம் பயின்று, கீர்த்தனைகளை கிட்டாரும் டிரம்ஸும் முழங்கப் பாடிப் பேர் வாங்கிவிட்டாள். ஊரே போனில் கேட்டு ரசித்தது. பெற்றவன் மட்டும் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை.

"அக்கா கேக்கறதுல இன்னா தப்பு?" என்றான் வலையை உதறிக்கொண்டிருந்த எல்லப்பன். "உன் ஆசைக்கு எங்க உறவே அத்துப்போச்சு. அவள வரவேணாம்னு சொல்லிடு."

அம்மணிக்குக் கண் நிறைந்தது. "என்ன எவ்ளோ வேணா திட்டு... புள்ளய வரவேணாம்னு மட்டும் சொல்லாதய்யா."

"அவங்கள திட்டாதீங்க மாமா," என்றாள் அர்ச்சனா. ரஞ்சித் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். "இன்னும் எத்தினி நாளு மறைக்கிறது? கல்யாணம் வேணாம்னது இவருதான். அப்பவே என்ன விரும்பினாரு. எம் புள்ள என் பேச்ச மீறுனா மருந்து குடிச்சிடுவேன்னு அத்தை எப்பவும் சொன்னதால பயந்துபோயி, இவங்க கால்லதான் வுழுந்தாரு. நான் பாத்துக்கறேன்னு பழிய இவங்க ஏத்துக்கினாங்க."

எல்லோரும் ரஞ்சித்தைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

லட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மணி... எப்டியெல்லாம் ஏசினேன் உன்ன..."

"சொல்லியிருந்தா அவன வீட்ல சேத்திருப்பீங்களா அண்ணி? எனக்கு பேச்சோட போச்சு... அவனுக்கு வாழ்க்கையே போயிருக்கும்."

லட்சுமி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லப்பன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மகள் வந்த வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்தியவன் அவன்தான். வைஷ்ணவி இறங்கி, "நைனா..." என்றாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் வைஷ்ணவி அம்மன் கீர்த்தனையோடு தொடங்கினாள். பிறகு வலை இழுப்பவர்கள் பாடும் பாட்டை எடுத்து, ராகத்தில் விரித்துப் பாடினாள். பின்னால் டிரம்ஸ் அதிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லட்சுமி ஊராரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "என் தம்பி பொண்ணு," என்றாள்.

எல்லப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மணியின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லக் கேட்டான்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலியே அம்மணி?"

அம்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே வந்தன.