நாலாயிரம் முதுகுகள்

இறுதி விசில் ஊதிப் பத்து எண்ணுவதற்குள் நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சிமிட்டினார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், எதிரணியின் பரம்பரையையே வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தவர், முந்தானையில் மூக்கைச் சிந்தியவர் எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டு, தூங்கி எழுந்த முகத்தோடு அக்கம்பக்கம் பார்த்தார்கள். பிறகு பலகையைப் பார்த்தார்கள். ஐக்கியம் 0, வடதுருவம் 3.

"ஓ, தோத்துட்டோமா" என்றார் நசீர் பாய் பக்கத்திலிருந்த அமலோற்பவத்திடம், அடுத்த தெருவில் குழாய் ரிப்பேர் என்று கேள்விப்பட்டவரைப் போல. "சரி, வாங்கக்கா போலாம். இன்னிக்கு எங்க வீட்ல காளான் குருமா."

செவ்வாய்க் கிரகத்துப் புதுப் புளியந்தோப்பில் சனிக்கிழமைச் சாயங்காலம் இப்படித்தான் முடியும். பெயரில்தான் புளியந்தோப்பு. ஊரையே மூடியிருந்த கண்ணாடிக் கவிகைக்குள் புளியங்கன்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஐக்கியக் கால்பந்துக் கழகம் ஒன்றுதான், அதுவும் முப்பத்தொரு வருடமாக ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஊர் நிர்வாகம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஐக்கியம் தோற்ற மறுநாள் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில்லை. காற்றுப் பம்பைக்கூட ஏனோதானோ என்று பார்க்கிறார்கள். பூமியில் இதைச் சகித்துக்கொள்ளலாம். காற்றைக் கையால் செய்து மூச்சுவிடுகிற ஊரில் முடியுமா? ஆளாளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு மறதிச் சில்லு வைத்தார்கள். விசில் ஊதியதும் அது நாடித்துடிப்பைப் பார்க்கும், தொண்டை அடைப்பதைப் பார்க்கும், கண்ணீரைப் பார்க்கும். துக்கம் என்று தீர்மானித்தால் முந்தைய இரண்டு மணி நேரத்தைத் துடைத்துவிடும். நினைவையே அழித்தபின் படம் எதற்கு என்று ஆட்டத்தைப் படம் பிடிப்பதையும் நிறுத்தினார்கள்.

சில்லு வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் அமலோற்பவம். ஊசி என்றால் மயக்கம் வரும் என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டாள். மயக்கமாவது ஒன்றாவது. காற்றுக் கதவுகளின் அழுத்தம் பார்ப்பவள் அவள். முள் காட்டும் எண்ணைத் தவிர எதையும் நம்பமாட்டாள் என்று வேலையிடத்தில் பேர் வாங்கியவள். ஐம்பத்து நாலு வயதில் ஐக்கியத்தின் அத்தனை தோல்வியையும் பத்திரமாகத் தலைக்குள் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஏக்கமெல்லாம் திங்கட்கிழமைமேல்தான். திங்கட்கிழமை வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும் முறை. சில்லு வருவதற்கு முன், அந்த வரிசையில் குடத்தை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஆட்டத்தைப் பேசுவார்கள். அந்தப் பந்தை இடது காலில் அடித்திருக்க வேண்டும் என்பார் ஒருவர், அவனுக்கு இடது கால் எங்கே இருக்கிறது என்பார் இன்னொருவர், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாது. இப்போது பக்கத்து வீட்டுச் சமையலையும் மருமகளையும் பற்றிப் பேசுகிறார்கள். அமலோற்பவம் எப்போதாவது, "பாய், அந்த ரெண்டாவது கோல்..." என்று ஆரம்பிப்பாள். நசீர் பாய், தெரியாத பாஷையில் ஜோக் கேட்டவரைப் போல மரியாதைக்குச் சிரிப்பார்.

அவளிடம் இன்னொரு ரகசியமும் இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் செருப்பு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்து தேடினாள். அந்த நேரம் பார்த்து ஐக்கியம் கோல் போட்டது. ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து நம் ஆட்கள் பந்தோடு முன்னேறினால் அமலோற்பவம் எழுந்து பின்பக்கச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். அதற்கப்புறம் ஐக்கியம் போட்ட ஒன்பது கோலில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் 'அவசரக் கதவு: தள்ளாதீர், இழுக்கவும்' என்ற எழுத்துகளைத்தான். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் ஒரு கோலைக் கண்ணால் பார்க்கும் ஆசையைவிட, தான் பார்த்து அது விழாமல் போய்விடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. நல்லவேளை, அவள் திரும்பி நின்றதுகூட மற்றவர்களுக்கு ஆட்டத்தோடு சேர்ந்து மறந்துவிடும்.

அந்த வருடத்தின் கடைசிக்கு முந்தைய ஆட்டம் நீர்ச்சுரங்கம் அணியோடு. எண்பத்தெட்டாவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஐக்கியத்தின் முன்வரிசைக்காரன் வேலப்பன் வலது ஓரத்தில் பந்தை எடுத்தான். அமலோற்பவம் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தள்ளாதீர், இழுக்கவும். தள்ளாதீர், இழுக்கவும். முதுகுக்குப் பின்னால் ஊரே மூச்சைப் பிடித்தது தெரிந்தது. பிறகு கவிகையின் கண்ணாடி அதிரும்படி ஒரு சத்தம்.

திரும்புவதற்குள் நசீர் பாய் அவளைக் கட்டிக்கொண்டார். "அக்கா, பார்த்தீங்களாக்கா, மூணு பேர ஏமாத்திட்டு, அந்த வளைவு, அய்யோ அக்கா" என்று குழந்தைபோல அழுதார். நாலாயிரம் பேரும் அழுதார்கள். அமலோற்பவமும் அழுதாள். திங்கட்கிழமைக்கு இரண்டு குடமாக எடுத்துப் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். எப்படி விழுந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டே பார்த்துவிடலாம்.

விசில் ஊதியது. ஜெயித்தாயிற்று.

பத்து எண்ணுவதற்குள் நசீர் பாயின் பிடி தளர்ந்தது. கண்ணைச் சிமிட்டினார். "இன்னாக்கா" என்றார் கூச்சத்தோடு, "என்னை எதுக்குப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

சில்லைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தொன்பது வருடமாக அந்த மைதானத்தில் அது ஒரே வகைக் கண்ணீரைத்தான் பார்த்திருந்தது.

பலகையில் ஐக்கியம் 1, நீர்ச்சுரங்கம் 0 என்று இருந்தது. ஊர் ஜனம் அதைப் பார்த்துவிட்டு, பலகை கெட்டுவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தது. நடுவர் இயந்திரம் பலகை சரி என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆடியவர்களுக்கே நினைவில்லை, நீர்ச்சுரங்கத்தாருக்கும் சில்லு உண்டு, தோற்ற துக்கத்தில் அவர்களும் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு வெற்றி, அதை வைத்திருந்தது ஒரே ஒரு தலை.

ஞாயிற்றுக்கிழமை காலை நினைவு அலுவலகத்திலிருந்து பூவிழி என்ற அதிகாரி அமலோற்பவத்தின் வீட்டுக்கே வந்தாள்.

"உங்க நினைவைப் படியெடுத்து எல்லாருக்கும் அனுப்பலாம்மா. வலிக்காது, ஊசியும் கிடையாது. நீங்க கண்ணால பார்த்தது, காதால கேட்டது மட்டும் போகும். மனசுல நினைச்சது போகாது."

"கண்ணால பார்த்ததா?" என்றாள் அமலோற்பவம்.

"அதானே வேணும்."

வாசலில் அதற்குள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். முன்னால் நின்ற நசீர் பாய் சொன்னார்: "அந்தக் கோல ஒரு தடவை பார்த்தா போதும்க்கா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வாணாம்."

அவளால் சொல்ல முடியவில்லை. போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்குப் படி போயிற்று. ஊர் முழுக்க அவரவர் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்கள். எதிரணி ஏறி வந்தபோதெல்லாம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வேலப்பன் வலது ஓரத்தில் பந்தை எடுத்தான். அப்புறம் சுவர். 'தள்ளாதீர், இழுக்கவும்.' ஒரு பெரிய சத்தம். அப்புறம் மிக அருகில் நசீர் பாயின் அழுமூஞ்சி.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நசீர் பாய்தான்.

"சுவரப் பார்த்துட்டு நின்னீங்களாக்கா?"

"ஆமா பாய்."

"வேலப்பன் பந்தை எடுத்ததுமே திரும்பிட்டீங்க?"

"ஆமா பாய். மன்னிச்சுக்கோங்க."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எத்தினி நாளா இப்படிச் செய்றீங்க?"

"பதினேழு வருஷமா."

"பதினேழு வருஷமா நீங்க ஒரே ஆளாத் திரும்பி நின்னிருக்கீங்க" என்றார். அவர் கண் கலங்கியது. "ஒரு ஆள் திரும்பினதுக்கே ஒரு வெற்றி கெடைச்சிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அடுத்த நாள் தண்ணீர் வரிசையில் தீர்மானம் ஆயிற்று. அழுத்தமானி பார்ப்பவர்கள், காற்றைக் கூட்டிக் கழித்துச் செய்பவர்கள், பூமியிலிருந்து ஆறு மாதம் பறந்து வந்தவர்களின் பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்துதான் தீர்மானித்தார்கள். சனிக்கிழமை காலை நினைவு அலுவலகத்தில் கூட்டம் முண்டியடித்தது: சில்லை நிறுத்து. ஆட்டம் மறந்தால் பரவாயில்லை, எப்படி நின்றோம் என்பது மறந்துபோனால்? அலுவலகமும் நிறுத்திவிட்டது.

அன்று மாலை ஆட்டம் தொடங்கியதும் நாலாயிரம் பேரும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். வடதுருவம் ஏறி வந்தால் மட்டும் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வம்பே வேண்டாம், முழு ஆட்டமும் திரும்பியே நிற்போம் என்று சொல்லிவிட்டார்கள். அமலோற்பவம் நடுவில் நின்றாள். இத்தனை வருடமாகத் தனியாகப் பார்த்த சுவரை ஊரோடு சேர்ந்து பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

அரை மணி கழித்துக் காலடிச் சத்தம் வலது ஓரமாக ஓடியது. வேலப்பனின் ஓட்டம் அவளுக்குத் தெரியும். இத்தனை பேர் நிற்கும்போது தான் ஒருத்தி திரும்பினால் என்ன என்று தோன்றியது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாகத் தலையை மெல்லத் திருப்பினாள்.

வேலப்பன் கோலுக்கு எதிரே தனியாக நின்றான். முன்னால் யாரும் இல்லை. தட்டினால் போதும். தட்டுவதற்கு முன் தன் ஊர்க்காரர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். வரிசை வரிசையாக முதுகுகள். ஆட்டக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவன் முகம் என்னவோ ஆகிவிட்டது. ஜெயித்த மறுவாரமே இப்படியா என்று நினைத்திருக்கலாம். நின்றே போனான். பந்தைப் பறித்துக்கொண்டு போனவர்கள் அந்தப் பக்கம் கோல் போட்டார்கள். அதன் பிறகு ஐக்கியத்தில் யாருக்கும் கால் ஓடவில்லை. நாலுக்குப் பூஜ்யம்.

திங்கட்கிழமை தண்ணீர் வரிசை காலை ஏழு மணிக்கே கவிகையின் மறுமுனை வரை நீண்டிருந்தது. பத்தொன்பது வருடத்துக்கப்புறம் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"ஒருத்தராவது திரும்பியிருக்கணும்" என்றார் நசீர் பாய். "இல்லாட்டி எப்படித் தோப்போம்?"

"என்னைப் பார்க்காதீங்க. நான் கண்ணையே மூடிட்டு இருந்தேன்."

"மூடினா கணக்கு வராதுடா. சுவரப் பார்க்கணும்."

"முதல் கோல் விழறதுக்கு முன்னாடி யாரோ அசைஞ்ச சத்தம் கேட்டுச்சு."

"எந்தப் பக்கம்? அதச் சொல்லு மொதல்ல."

அமலோற்பவத்தின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை நகர்த்தவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கென்னமோ பாய்" என்றாள் ஆசை ஆசையாக, "அந்த மூணாவது வரிசைக்காரங்க மேலதான் சந்தேகம்."