கப்பலோடு நிற்பவர்

காலைப் படகு என்றால் நாகப்பட்டினத்தில் எல்லாருக்கும் ஒரே பயம்தான்: கமாண்டர் திட்டுவார். சட்டைப் பொத்தான் போடாதவர், மீன்கூடையை நடைவழியில் வைப்பவர், யாரும் தப்ப முடியாது. சுக்கான் அறையின் ஒலிபெருக்கியிலிருந்து சுத்தமான செந்தமிழில் அர்ச்சனை விழும். பயணிகள் சிரித்துக்கொண்டே பொத்தானைப் போடுவார்கள்.

கமாண்டர் இசோகாவா செத்து நூறாண்டுக்கு மேலாகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்றை நடத்தியவர். தப்பிப் பிழைத்த மாலுமிகள் சொல்லிவைத்த நினைவுகளிலிருந்து அவரை மறுபடி நெய்தெடுத்து, தமிழும் கற்றுக்கொடுத்து, எங்கள் படகின் கணினி மூளையில் குடிவைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு மீளுரு என்று பெயர். நான் ஜுலைகா, இயந்திரப் பொறியாளர். தினமும் அவரோடு மல்லுக்கட்டுவதும் என் வேலையில் சேர்த்திதான்.

அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பாதி வழியில், மிதந்து வந்த பழைய சரக்குப் பெட்டகம் ஒன்று எங்கள் அடிப்பாகத்தைக் கிழித்தது. கமாண்டர் அதட்டி, உருட்டி, ஒருவர் விடாமல் உயிர்ப்படகுகளில் ஏற்றிவிட்டார். கடைசிப் படகு எனக்காக ஏணியடியில் காத்திருந்தது. மீளுருவைத் தூக்கிச் செல்லும் கைப்பேழையை சுக்கான் அறையில் அவருடைய கட்டுப்பாட்டுப் பலகையில் செருகினேன்.

"சம்மதம்னு சொல்லுங்க ஐயா, கிளம்பலாம்."

"இயலாது. தளபதி தம் கப்பலோடு இருப்பார்."

மீளுருவுக்கு நகல் கிடையாது. அது தன் வாயால் சம்மதம் சொல்லாமல் யாரும் அதை இடம் மாற்றவும் கூடாது. மனிதருக்குரிய மரியாதை அதற்கும் உண்டு என்று சட்டம் எழுதிய புண்ணியவான்கள் இப்படியொரு பிடிவாதக்காரரை நினைத்துப் பார்க்கவில்லை.

மூழ்கும் கப்பலில் நிமிர்ந்து நின்றே செத்ததற்காக அவர் ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. இப்போது மறுபடியும் சாகப் பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன செய்கிறீர்கள்?"

"நீங்க வரலன்னா நானும் போவல."

"இது கட்டளை! படகில் இறங்குங்கள்!"

"நீங்க நிக்கும்போது நான் மட்டும் எப்புடி இறங்குறது? வெக்கமா இருக்காதா?"

கீழ்த்தளத்தை மூடிய தண்ணீர் ஏணிப்படிகளில் ஏறியது. அடுத்த வாரம் தங்கைக்கு நிக்காஹ்.

"ஜுலைகா, உங்களுக்கு நீந்தத் தெரியாதே." அந்தக் குரல் தடுமாறி நான் கேட்டதேயில்லை.

"தெரியாதுதான்."

ஒலிபெருக்கி கரகரத்தது. "சம்மதம்," என்றார்.

பேழையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். படகில் ஒரே கைதட்டல். "ஐயா வந்துட்டாரு! எல்லாரும் பொத்தானப் போடுங்கப்பா!" என்று ஒரு மீன்காரர் கத்த, பயத்தை மறந்து எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்தபின் பேழையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"என் போர்க்கப்பல் மூழ்கிய அன்றும் இறங்கச் சொல்லிக் கட்டளையிட்டேன். பலர் இறங்கவில்லை. என் அருகிலேயே நின்றார்கள். அதை விசுவாசம் என்றே எண்ணிப் பெருமைப்பட்டேன். நான் இறங்கியிருந்தால், ஜுலைகா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அவங்களும் இறங்கியிருப்பாங்க ஐயா."

அவர், அன்று தம் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கரை தெரிந்தபோதும் பெயர்கள் தீரவில்லை.